தொலைந்து போகாத சர்டிபிகேட்

என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.இ. பட்டம் வரை ஆறு காகிதங்கள் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. எந்த அறை, எந்த பீரோ, எத்தனையாவது தட்டு, எந்த நிற ஃபைல் என்பதுகூட எனக்குத் தெரியும். இரண்டாவது தட்டு, பச்சை ஃபைல். பீரோவின் கைப்பிடி லேசாக ஆடும். மேலே தூக்கிப் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். இவ்வளவும் தெரிந்த ஒரு பொருளை எடுக்க முடியாமல் ஒரு மனுஷன் எட்டு மாதம் அலைந்தான் என்றால், அவன் நிச்சயம் எம்.இ. படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

தஞ்சாவூருக்கு வெளியே வயலுக்கு நடுவில் எழுந்து நிற்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்கல் பாடம் நடத்தினேன். கடைசி ஏழு வருஷம் துறைத் தலைவர். தலைவருடைய நாற்காலிக்குக் கை இருக்கும், மற்றவர்கள் நாற்காலிக்கு இருக்காது. எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை.

அங்கே வேலைக்குச் சேருகிற அன்றைக்கே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். வருஷத்துக்கு நடுவில் யாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிற மாதிரி. மாடாவது முதல் நாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாங்கள் ஃபைலில் வரிசையாக அடுக்கி, மேலே பெயர் எழுதி, சிரித்துக்கொண்டே கொடுத்தோம். "பத்திரமா இருக்கும் சார்" என்றார்கள். உண்மைதான். எனக்கே கிடைக்காத அளவுக்குப் பத்திரமாக இருந்தது.

மே மாதம் வந்துவிட்டால் நாங்கள் வாத்தியார்கள் இல்லை, தரகர்கள். ஆளுக்கு ஐந்து அட்மிஷன் கொண்டு வர வேண்டும். எனக்கு நன்னிலம் பக்கத்து ஊர்களை ஒதுக்கியிருந்தார்கள். வெயிலில் டை கட்டிக்கொண்டு, பளபளப்பான நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்த அம்மா, நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பிள்ளையா இருந்தா இங்க சேப்பீங்களா சார்?"

நான் மூன்று வினாடி யோசித்தேன். அந்த மூன்று வினாடியை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோர் நல்லா இருந்துச்சும்மா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வருஷம் நான் கொண்டு வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் கவுன்சலிங்கில் பார்த்துக்கொள்கிறேன் என்று பின்வாங்கிவிட்டார். ஜூன் மாதம் ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். எங்கே பார்த்தாலும் முதலில் வணக்கம் சொல்லும் மனிதர்.

"மெக்கானிக்கல் பிராஞ்சையே மூடறோம் சார். நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க. இந்த லெட்டர்ல ஒரு சைன் மட்டும் போட்டுடுங்க."

வாங்கிப் படித்தேன். சொந்தக் காரணங்களால் நானே விருப்பப்பட்டு விலகுகிறேனாம். நிர்வாகத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லையாம். கடைசி வரியில், இத்தனை ஆண்டுகள் வாய்ப்பளித்ததற்கு என் மனமார்ந்த நன்றியாம்.

"என்னை வெளிய அனுப்பறது நீங்க. நன்றி சொல்றது நானா?"

"ஒரு ஃபார்மாலிட்டிதான் சார். சைன் பண்ணிட்டீங்கன்னா இப்பவே உங்க ஃபைல எடுத்துக் குடுத்துடுவேன்."

"பண்ணலன்னா?"

அவர் பேனாவை மூடினார். "பத்திரமா இருக்கும் சார்."

எனக்கு ஒரு வியாதி உண்டு. கோபம் வந்தால் ஜோக் வரும். அன்றைக்கும் வந்தது. "அப்ப லாக்கர் வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு நான் வெளியே வந்து, வீட்டுச் சாவியை ஸ்கூட்டரில் நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஜோக் சொன்ன வாய்க்கும் சாவி திருகின கைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். எதையும் இரண்டு வரியில் முடித்துவிடுவாள்.

"ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வாங்கிட்டு வந்துடுங்க."

"அது பொய்."

"நீங்க பிரின்சிபாலுக்கு எழுதின மெடிக்கல் லீவ் லெட்டர் எல்லாம் என்னவாம்?"

இருந்தாலும் கையெழுத்துப் போடவில்லை. அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது வெறும் வீம்பு. என்னைத் துரத்தினால்கூடப் பரவாயில்லை, துரத்தியதற்கு என் கையாலேயே நன்றி எழுதி வாங்குகிறார்களே என்பதுதான் பொறுக்கவில்லை.

சர்டிபிகேட் இல்லாத புரொபசரை எந்தக் காலேஜும் உள்ளே விடாது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "ஒரிஜினல் எங்க சார்?"

செப்டம்பரில் ஒருநாள் வலங்கைமான் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் அதே கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ரோட்டோரம் வயலில் அறுப்பு மெஷின் ஒன்று நின்றிருந்தது. குறுவை அறுப்பு நேரம். டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட் மாட்டிய வண்டி, ஈர வயலில் இறங்குவது. சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். மேற்கே வானம் கறுத்திருந்தது. நான் ஷூவோடு வயலில் இறங்கினேன்.

"தள்ளுங்க, நான் மெக்கானிக்கல் புரொபசர்" என்றேன்.

வழி விட்டார்கள். இன்ஜினைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தேன். எரிபொருள், காற்று, அழுத்தம் என்று போர்டில் எழுதுவதையெல்லாம் வாயால் சொன்னேன். கதிர் அடிக்கிற டிரம்மின் மூடியை, மெஷினை ஓட்டி வந்த ஆத்தூர்க்கார டிரைவர் மெதுவாகத் திறந்து காட்டினார்.

"உள்ள வைக்கோல் சுத்திக்கிச்சு சார். இன்ஜின் நல்லாத்தான் இருக்கு."

பத்துப் பேரும் பாவம், எனக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். மெஷின் சொந்தக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துபாயில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்து இரண்டு மெஷின் வாங்கிவிட்டிருந்த பாய். நான் சும்மா போகாமல் டிரம் அருகில் குனிந்து கையை விட்டேன். வைக்கோல் ஏன் அந்த இடத்தில் மட்டும் சுற்றுகிறது என்று பார்த்தேன். உள்ளே பேரிங் தேய்ந்து தண்டு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில்தான் வைக்கோல் சிக்குகிறது. வைக்கோலை எடுத்தால் இன்னும் அரை ஏக்கர் ஓடும், மறுபடி நிற்கும்.

"பேரிங் மாத்தணும் பாய்" என்றேன்.

"மூணு நாளா மூணு மெக்கானிக் வந்து வைக்கோலத்தான் எடுத்தாங்க" என்றார் பாய். "நாளைக்கு வரீங்களா சார்? ஷூ வேணாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இதைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் சொல்வது போலச் சொல்ல எனக்கு வராது. சேறு என் முழங்கால் வரை வந்தது, கிரீஸ் சட்டை காலர் வரை வந்தது, முதுகு வலி நிரந்தரமாக வந்தது. தப்பும் செய்தேன். நெல்லையும் பதரையும் பிரிக்கிற விசிறியைப் புத்தகத்தில் போட்டிருந்த வேகத்துக்கு வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன். அந்தப் புத்தகம் எழுதியவர் எங்கள் ஊர் நெல்லைப் பார்த்திருக்கவில்லை. பதரோடு சேர்ந்து நல்ல நெல்லும் பின்னால் பறந்து வயலில் விழுந்தது. அது தெரிந்தது மறுநாள்தான். வாத்துக் கூட்டம் ஓட்டி வந்தவர் அந்த வயலை விட்டு நகரவே மாட்டேன் என்றார்.

"எந்த மெக்கானிக் பாத்தது சார் இது? கையெடுத்துக் கும்பிடணும்" என்றார் என்னிடமே.

வயல்காரரிடம் நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு வாரம் என்னை 'வாத்து சார்' என்று கூப்பிட்டார். பெயர் மட்டும் சம்பா அறுப்பு தாண்டியும் நின்றது. ஆனால் அதற்கப்புறம் எந்த மெஷினையும் காதால் கேட்டுத்தான் கைவைத்தேன். வகுப்பில் இருபத்திரண்டு வருஷம் பேசிய அளவுக்கு இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். தை மாதம் சம்பா அறுப்பு தொடங்கியபோது கொரடாச்சேரியிலிருந்து கும்பகோணம் வரை போன் வந்தது.

மாசி பிறந்ததும் தஞ்சாவூரில் அறுப்பு மெஷின் விற்கிற ஒரு கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். டெல்டா முழுக்க சர்வீஸ் பார்க்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், நீங்கள்தான் அந்த ஆள் என்றார். வருஷம் முழுக்க வேலை, கீழே நான்கு மெக்கானிக்குகள். நான் நாற்காலிக்குக் கை உண்டா என்று கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். மெட்ராஸ் ஆபீஸ்ல ஒரிஜினல் சர்டிபிகேட் பாப்பாங்க. பாத்துட்டுக் குடுத்துடுவாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள."

அன்றைக்கே காலேஜுக்குப் போனேன். மேனேஜர் வணக்கம் சொன்னார். அதே கடிதத்தை எடுத்து வைத்தார். தேதி மட்டும் போடாமல் விட்டிருந்தார்கள். எட்டு மாதமாக என் நன்றி தேதியில்லாமல் காத்திருந்தது.

"என்ன சார், ஊரெல்லாம் மெஷின் பாக்கறீங்களாமே. இன்னும் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

கையெழுத்துப் போடாமல் வந்தேன். மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்த வேலையும் போச்சுன்னா உங்க வீம்பயே குழம்பு வச்சு ஊத்தறேன்."

அவள் கோபம் நியாயம். எனக்கும் பயம்தான். இரண்டு நாள் யோசித்து வேறு வழி ஒன்று கண்டுபிடித்தேன். சர்டிபிகேட் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால், காணவில்லை என்று ஒரு சான்று தருவார்கள். அதை வைத்து யூனிவர்சிட்டியில் நகல் கேட்கலாம். அதுவரை அந்தச் சான்றைக் காட்டி மெட்ராஸ் ஆபீஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்.

ஸ்டேஷனுக்கு எதிரே டைப் அடிக்கிற கடை. சர்டிபிகேட் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கடையில் இருந்த பெண் பாதி மனுவை அடித்துவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுலதானே சார்?"

"என்ன பஸ் ஸ்டாண்டு?"

"தொலைச்ச இடம் சார். எல்லாரும் புது பஸ் ஸ்டாண்டுலதான் தொலைப்பாங்க. வேற இடம்னா கேள்வி கேப்பாங்க."

அந்தப் பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேருடைய படிப்பு கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு மனுவோடு உள்ளே போனேன். எழுதுகிற ஏட்டு என் வயசுக்காரர். மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்கயோ பாத்திருக்கேனே. மச்சான் வயல்ல மெஷின் சரி பண்ணது நீங்கதானே? வாத்து சார்?"

"நான்தான்."

"உக்காருங்க சார்." குரலில் மரியாதை கூடிவிட்டது. "பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் வச்சுத் தொலைஞ்சுது?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருச்சி போகிற பக்கம், கும்பகோணம் போகிற பக்கம், ஏதோ ஒன்று. வாய் வரவில்லை. அங்கே கையெழுத்துப் போட்டால் நானே விரும்பிப் போனேன் என்ற பொய். இங்கே போட்டால் நானே தொலைத்தேன் என்ற பொய். இரண்டிலும் தப்பு என்னுடையது. இரண்டிலும் பீரோ யோக்கியமாக நிற்கிறது.

"தொலையல சார். இருக்கற இடம் தெரியும்."

"இருக்கற இடம் தெரிஞ்சா அது எப்படி சார் காணாமப் போனதாகும்?"

"அதான் நானும் சொல்றேன்."

ஏட்டு பேனாவை வைத்தார். நான் சொன்னேன். காலேஜ், ஆபீஸ், பீரோ, இரண்டாவது தட்டு, பச்சை ஃபைல், கைப்பிடியைத் தூக்கித் திருகுவது வரை.

"வேலை பாத்த எடத்துல பீரோவைத் திறக்கற விதம்கூட உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

இந்தக் கேள்வியை எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை. மனைவி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான்தான் திறப்பேன்" என்றேன். "எங்க துறைக்குப் புதுசா யார் சேந்தாலும் அவங்க சர்டிபிகேட்ட வாங்கி உள்ள வச்சது நான்தான்."

ஏழு வருஷத்தில் பதினோரு பேர். அதில் ஒரு மேடம், என் துறையில் ஜூனியர் லெக்சரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவர்ன்மென்ட் பாலிடெக்னிக் வேலைக்கு அவருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. ஸ்டாஃப் ரூமில் கை வைத்த என் நாற்காலிக்கு முன்னால் நின்றார். "ஒரே நாள் சார். காலைல வாங்கிட்டு சாயந்திரம் கொண்டாந்து குடுத்துடறேன். நீங்க லெட்டர ஆபீசுக்கு ஃபார்வர்ட் பண்ணா போதும் சார்" என்றார். பரீட்சை நேரம், ஆள் போய்விட்டால் நிர்வாகம் என்னைக் கேட்கும். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஜோக் சொன்னேன். "கவர்ன்மென்ட் வேலைக்குப் போயிட்டா எங்களையெல்லாம் மறந்துடுவீங்களே மேடம்." ஸ்டாஃப் ரூம் சிரித்தது. முதலில் சிரித்தது நான். அவர் சிரிக்கவில்லை. லெட்டரை நான் அனுப்பவில்லை, அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாமல், சர்டிபிகேட்டையும் வாங்காமல், அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

எட்டு மாதமாக நிர்வாகத்தின் மேல் கொதித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கொதிப்பு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது திரும்பி என் மேலேயே கொட்டியது. நிர்வாகத்தின் மேல் இருந்தது குறையவில்லை. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

எதிர்க் கடைக்குத் திரும்பிப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரியை எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பெண் மறுபடி டைப் அடித்தது. என் சர்டிபிகேட்டுகள் தொலையவில்லை, இன்ன இடத்தில் இன்ன தட்டில் இருக்கின்றன, கேட்டும் தரவில்லை. மேலும் பதினோரு பேருடைய சர்டிபிகேட்டுகளை வாங்கி அதே பீரோவில் வைத்தவன் நான், அவற்றையும் அவரவரிடம் சேர்க்க வேண்டும்.

ஏட்டு இரண்டு தடவை படித்தார்.

"சார், கடைசிப் பாராவ எடுத்துடுங்க. அதுல உங்க பேரும் வருது."

"வரட்டும் சார்."

"நாளைக்கு விசாரணைன்னு வந்தா உங்களையும் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். பீரோவைத் திறக்க ஆள் வேணுமில்ல."

அவர் சிரிக்காமல் மனு ரசீது போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் ரசீதையும் மனுவின் நகலையும் காட்டினேன். மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். கடைசிப் பாராவில் நின்றாள்.

"கவர்ன்மென்ட் வேலை போச்சுன்னு சொன்னீங்களே, அந்த டீச்சர் பொண்ணுக்கும் நீங்கதானா?"

"நான்தான்."

காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளும் ஒரு டீச்சர்.

மூன்றாம் நாள் மேனேஜர் போன் பண்ணினார். வணக்கம் சொல்லவில்லை. வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். நான் வயலிலிருந்து அப்படியே கிரீஸ் சட்டையோடு போனேன். பச்சை ஃபைல் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் எந்தக் கடிதமும் இல்லை. ஆறு காகிதத்தையும் எண்ணினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. இதுதான் அவர்களுடைய பத்திரம்.

"கம்ப்ளைன்ட்ட வாபஸ் வாங்கிடுவீங்கல்ல சார்?"

"மத்த பதினோரு பேரோடது?"

"அவங்க யாரும் கேக்கலயே சார். வந்து கேக்கட்டும்."

"கேப்பாங்க. அதுவரைக்கும் கம்ப்ளைன்ட் அங்கயே இருக்கட்டும்."

"உங்களுக்கு எதுக்கு சார் அவங்க விவகாரம்? உங்களோடது வந்துடுச்சில்ல."

"பத்திரமா இருக்கும்" என்றேன். அது ஜோக் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

மெட்ராஸ் ஆபீஸில் இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். பூச்சி அரித்ததைப் பற்றிக் கேட்டார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது. இப்போது என் நாற்காலிக்குக் கை இருக்கிறது. அதில் உட்காரத்தான் நேரமில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, பாயின் மெஷின் வெட்டாற்றங்கரை ஓரம் ஒரு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து அந்த மேடத்துக்குப் போன் பண்ணினேன். இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாராம். யார் என்று சொன்னதும், "சொல்லுங்க சார்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். போய்க் கேளுங்கள், தருவார்கள், தராவிட்டால் இந்த ரசீது எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். எண்ணை இரண்டு தடவை சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பண்ணது தப்பு மேடம்."

"ஆமா சார்."

மெஷின் வயலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

"இப்ப அந்த வேலைக்கு எனக்கு வயசு முடிஞ்சிடுச்சு சார்" என்றார். "சர்டிபிகேட்ட நான் போய் வாங்கிக்கறேன். ஆனா உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க மேடம்."

போனை வைத்துவிட்டார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் எனக்கு ஏதாவது ஜோக் வரும். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பதினோரு பேர் பட்டியலை எடுத்து முதல் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். கிரீஸ் விரல் பட்டு அந்தப் பெயரே பாதி மறைந்துவிட்டது. விரலைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு இரண்டாவது நம்பரை அழுத்தினேன்.